எங்கள் வீட்டுக் கடுகு



இப்போதெல்லாம் போனில் பேசுகிறவர்கள் என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் "டீச்சர், கடுகு எப்படி இருக்கா?" என்றுதான் கேட்கிறீர்கள். அவள் என் தோளில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு சாது! எனக்கும் இதே மாதிரி கையிலேயே வளர்க்கணும்" என்று நான்கு பேர் சொல்லிவிட்டீர்கள். சாது என்ற வார்த்தையைக் கேட்டு எங்கள் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் காபி புரையேறிவிட்டது. அதனால் முழுக் கதையையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் இருக்கும். நான் ஸ்டெப் விட்டுக் கணக்குப் போட மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடுகு நம் ஊர்ப் பச்சைக்கிளி இல்லை. பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி ஜோசியக்காரர்களை இப்போது தெருவில் அதிகம் பார்க்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். கடுகு, நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கிறார்களே, அந்தச் சின்னக் கிளி. அந்தப் பெயரும் சரியில்லை. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரி. வால் குட்டையாக இருக்கும். இவள் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். வறண்ட உள்நாட்டில் மழையைத் தேடிக் கூட்டம் கூட்டமாக அலைகிற சாதி. 1840-இல் ஜான் கோல்ட் என்ற பறவை ஆராய்ச்சியாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்துதான் உலகம் முழுக்கக் கூண்டுக்குள் பரவியது. மஞ்சள், நீலம், வெள்ளை என்று இன்று பார்க்கிற நிறமெல்லாம் மனிதன் வளர்த்து உண்டாக்கியது. காட்டில் இருப்பது பச்சையும் மஞ்சளும் கலந்ததுதான். கடுகும் அந்த நிறம்தான்.

அவள் எங்களிடம் வந்தது 2023 டிசம்பர் இரண்டாவது வாரம். எங்கள் தெருக் கோடியில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர் மொட்டை மாடியில் பெரிய கூண்டு கட்டி, அதில் மண் சட்டிகளைத் தொங்கவிட்டு இந்தப் பறவைகளை வளர்க்கிறார். ஒரு சட்டியில் ஐந்து முட்டை பொரித்திருந்தது. தாய்ப்பறவை திடீரென்று செத்துப்போய்விட்டது. மூன்று குஞ்சுகள் அடுத்தடுத்துப் போய், நாலாவதும் அன்று காலையில் போய்விட்டது. இந்தப் பறவை ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை இடும். பொரிப்பதும் அதே வரிசைதான். அதனால் கடைசிக் குஞ்சு, அண்ணன் அக்காமார் காலடியில் நசுங்கிக்கொண்டு கிடக்கும். மிச்சம் இருந்தது அந்தக் கடைசிக் குஞ்சு.

"டீச்சர், இது பொழைக்காது. நாளைக்குள்ள போயிரும். நீங்க எதுக்கு மெனக்கெடுதீங்க?" என்றார் தம்பி. நான் பேசாமல் முந்தானையில் வாங்கிக்கொண்டேன். கண் திறந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். உடம்பெல்லாம் முள் முள்ளாக இறகுக் குருத்து. தலை பெரிசு, கழுத்து நூல், வயிறு மட்டும் பை. பார்க்க அழகாகவே இல்லை, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் தபால் துறையில் 36 வருடம் இருந்தவர் என்பதால் எதையும் நிறுத்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டார். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து நிறுத்தார். 19 கிராம். "நம்ம காலத்துத் தபால்ல ஒரு சாதாக் கவர் 20 கிராம். இது அதுக்கும் கம்மி" என்றார்.

கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டேன். குஞ்சுக்கென்றே விற்கிற மாவுப் பாக்கெட் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது. அதை வெந்நீரில் தளரக் கரைத்து, ஊசி கழற்றின 1 மில்லி சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். சூடு 39, 40 டிகிரி இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பை வெந்துவிடும். குறைந்தால் உள்ளே போன தீனி செரிக்காமல் அப்படியே புளித்துவிடும். அவசரப்பட்டுப் பீய்ச்சினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதோடு முடிந்தது. தீனிப்பை முக்கால்வாசி வடிந்த பிறகுதான் அடுத்த வேளை. காலை ஐந்து மணிக்கு முதல் வேளை, இரவு பதினொன்றுக்குக் கடைசி வேளை. இடையில் மூன்று மணி, மூன்றரை மணிக்கு ஒருமுறை. ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாக வீட்டில் பீரியட் மணி அடிக்க ஆரம்பித்தது.

ஒரு பழைய கிராஃப் நோட்டு கிடந்தது. எக்ஸ் அச்சில் நாள், ஒய் அச்சில் எடை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் நிறுத்துப் புள்ளி வைப்பேன். உங்களில் யாராவது 'கிராஃப் எதுக்கு டீச்சர் வாழ்க்கையில்' என்று கேட்டிருந்தால் (கேட்டவள் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது) இதோ பதில். கோடு மேலே ஏறுகிறவரை நான் இரவில் தூங்கினேன்.

அப்புறம் 17-ஆம் தேதி வந்தது. அந்த டிசம்பர் 17, 18 உங்களில் தென்மாவட்டக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் கரண்ட் போய்விட்டது. அட்டைப்பெட்டிக்குள் சூட்டுக்காக எரிந்துகொண்டிருந்த பல்பும் அணைந்துவிட்டது. குஞ்சுக்கு மூன்று வாரம் கூட ஆகவில்லை. முதுகில் பாதி இறகு, வயிறு வெறும் தோல். அந்த வயதில் அதற்கு 30 டிகிரி சூடாவது வேண்டும். வெளியே குளிர் காற்று ஊதுகிறது.

நல்லவேளை, சிலிண்டர் இருந்தது. வெந்நீர் போட்டு பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி, பெரிய தூக்குவாளிக்குள் வைத்து, அதன் பக்கத்தில் பழைய வேட்டித் துணியில் குஞ்சை வைத்தோம். ஒன்றரை மணிக்கு ஒருமுறை பாட்டிலை மாற்ற வேண்டும். மாற்றுகிற நேரத்தில் கைக்குள் பொத்தி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் ராத்திரி நான் பார்த்தேன். இரண்டாம் நாள் ராத்திரி என்னால் முடியவில்லை. மூன்று மணிக்கு விழித்துப் பார்த்தால், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இவர் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, அதற்குள் பார்த்து, "அந்தா விடியப் போவுது, அந்தா விடியப் போவுது" என்று சொல்லிக்கொண்டு இருந்தார். நம் பிள்ளைகள் பிறந்தபோது கூட இப்படி உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதை அப்போது சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அவரும் படிப்பார்.

ஊரில் எத்தனையோ பேர் வீடு வாசல் இழந்து நின்றபோது ஒரு 25 கிராம் குஞ்சுக்காக இவ்வளவா என்று கேட்கலாம். கேட்டார்கள். எனக்கு அதற்குப் பதில் கிடையாது. கையில் இருந்தது அது.

கரண்ட் வந்தபோது கிராஃபில் கோடு இரண்டு கட்டம் மட்டும் இறங்கியிருந்தது. பிறகு ஏறி, 36 கிராம் வரை போய், திரும்ப இறங்க ஆரம்பித்தது. பயந்துபோய் மருத்துவரிடம் கேட்டால் சிரிக்கிறார்: பறக்கப்போகிற குஞ்சு தானாகவே கொஞ்சம் எடை குறைக்குமாம். அதேபோல் புத்தாண்டை ஒட்டி ஒருநாள் காலையில் சமையல் மேடையிலிருந்து எழும்பி, நேரே போய் நாள்காட்டியில் மோதி, கீழே விழுந்து, எழுந்து நின்று எங்களை முறைத்தது. பேரன் அப்போது அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்தான். ஆறு வயது. "ஆச்சி, இது கடுகு மாதிரி இருந்துக்கிட்டு எப்படி முறைக்குது பாருங்க" என்றான். பெயர் அப்படி அமைந்தது. கடுகு சிறுத்தாலும் என்று தொடங்கும் பழமொழி அவனுக்கு அப்போது தெரியாது.

பொங்கலுக்குள் தானாகத் தினை கொத்த ஆரம்பித்தாள். கழுகுமலைப் பக்கத்து உறவுகள் தினைக் கதிராகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். கதிரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தின்பாள்.

இந்தக் கிளியில் ஆணா பெண்ணா என்பதை மூக்குத் துளையைச் சுற்றி இருக்கும் மெழுகு போன்ற தோலை வைத்துச் சொல்வார்கள். வளர்ந்த ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. ஏப்ரலில் முதல் இறகு உதிர்ந்து முடிந்து, நெற்றியில் இருந்த கோடெல்லாம் போனபோது அந்த இடம் பழுப்பாக மாறியது. 'அது' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்று முதல் 'அவள்' என்றோம்.

உடனே எல்லாரும் கேட்கிற கேள்வி, "பேசுவாளா?" இந்த இனத்தில் ஆண் நன்றாகப் பேசும். 1958-இல் பிபிசி நடத்திய போட்டியில் ஜெயித்த ஸ்பார்க்கி என்ற கிளிக்கு 500-க்கும் மேல் வார்த்தை தெரியும். கலிபோர்னியாவில் பக் என்ற கிளி 1,728 வார்த்தை தெரிந்தது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இரண்டும் ஆண். பெண் பெரும்பாலும் பேசுவதில்லை. கடுகு இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டியதையெல்லாம் அலகால் பேசிவிடுகிறாள். அங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது.

2024 ஜூன் வாக்கில் கடிக்க ஆரம்பித்தாள். குஞ்சுகள் விளையாட்டாகக் கவ்விப் பார்ப்பது வேறு. இது தெரிந்து கடிக்கிற கடி. விரல் நகத்துக்கும் சதைக்கும் நடுவில் பிடித்து ஒரு திருகு. காது மடல், கழுத்து, கண்ணாடி போடும் இடத்தில் மூக்கு. இவருக்குத் தாங்கவில்லை. "தூக்குவாளியில வச்சு விடிய விடியக் காத்தேன். நன்றி இருக்கா பாரு" என்பார். பார்க்க வருகிறவர்களும் அதையே சொன்னார்கள். கையில் வளர்த்த பறவை சாதுவாக இருக்கும் என்றல்லவா கேள்விப்பட்டோம்?

நான் பார்த்தவரையில் சொல்கிறேன். கையில் வளர்ப்பதால் பறவைக்குக் கிடைப்பது பாசம் இல்லை; பயமின்மை. கடையில் வாங்குகிற கிளி உங்கள் கையைக் கண்டால் கூண்டின் மூலைக்கு ஓடும். அதற்கும் கோபம் உண்டு, பயம் அதை மூடி வைத்திருக்கிறது. கடுகுக்கு மனிதக் கை என்றால் பயமே தெரியாது. கண் திறந்ததும் பார்த்தது அதைத்தான். ஆகவே பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று நேரே வந்து சொல்கிறாள். மூடி இல்லாத பாத்திரம். நன்றி என்பதெல்லாம் நாம் அவள் தலையில் ஏற்றி வைப்பது. சோறு போட்டதற்கு அவள் கையெழுத்துப் போட்டுக் கடன் பத்திரம் எதுவும் எழுதித் தரவில்லை.

சொல்வது சுலபம். அந்த அக்டோபரில், காலாண்டு விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தபோது நடந்ததுதான் பெரிய சிக்கல். கட்டில் மேல் ஏறி பீரோவுக்குப் பின்னால் விழுந்த பந்தை எட்டிப் பார்த்திருக்கிறான். பீரோ மேலே இருந்தவள் பறந்து வந்து மேல் உதட்டில் கடித்துவிட்டாள். ஒரு பொட்டு ரத்தம்தான். ஆனால் உதட்டுக்கு மேலே ஒரு விரற்கடையில் மூக்கு, இன்னும் இரண்டு விரற்கடையில் கண். மருமகள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சத்தம் போடாமல்தான் சொன்னாள்: "அத்தை, நீங்க கோவிச்சுக்காதீங்க. இந்தப் பறவை இந்த வீட்ல இருக்கிறவரை பிள்ளைய இங்க கூட்டிட்டு வர மாட்டேன்."

அவள் சொன்னதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் அவள் வயதில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அடுத்த நாளே தாம்பரத்துக்கு ரயில் ஏறிவிட்டார்கள். 2025 பொங்கலுக்கு வரவில்லை. வாசலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்று பால் பொங்கினதைப் பார்த்தோம். கடுகு உள்ளே கத்திக்கொண்டிருந்தாள்.

யோசனைக்குப் பஞ்சமா? சிறகை வெட்டிவிடுங்கள் என்றார்கள் சிலர். வெட்டவில்லை. விலகிப் பறந்து போக முடிகிற பறவைக்கு 'வேண்டாம்' என்று சொல்ல இரண்டு வழி இருக்கிறது. சிறகை வெட்டினால் அலகு ஒன்றுதான் மிச்சம். ஜோடி சேர்த்தால் சரியாகிவிடும் என்றார்கள் இன்னும் சிலர். ஆட்டோத் தம்பி நல்ல நீல நிற ஆண் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தனித்தனிக் கூண்டில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று வாரம் வைத்தோம். அந்தப் பையன் பாவம், காலை முழுக்கப் பாடினான், தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். இவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருநாள் இருவரையும் வெளியே விட்டபோது அவன் காலைக் கடித்துத் துரத்தினாள். தனியாக மனிதர்களோடு வளர்ந்தவளுக்கு அவன் யார் என்றே தெரியவில்லை போலிருக்கிறது. அவனைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தோம். திருப்பிக் கொடுக்கப் போனபோது, இவளையும் அந்தப் பெரிய கூண்டிலேயே விட்டுவிடுங்கள் என்று தம்பி சொன்னார். முப்பது பறவை இருக்கிற கூண்டில், மற்றப் பறவையோடு இருக்கத் தெரியாத ஒருத்தி. யோசித்தேன், மறுக்கவில்லை. ஒரு மாதம் தவணை கேட்டுக்கொண்டு வந்தேன்.

திரும்பவும் நோட்டை எடுத்தேன். 'அவளுக்கு எப்ப என்ன மூடு வரும்னே தெரியாது' என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். வகுப்பில் ஒரு பிள்ளையைப் பற்றி யாராவது இப்படிச் சொன்னால் நான் நம்பியதில்லை. ஆகவே ஒவ்வொரு கடிக்கும் தேதி, மணி, இடம், யார், கையில் என்ன, அதற்கு முன் அவள் எப்படி நின்றாள் என்று எழுதினேன். பழையவற்றையும் இவரைக் கேட்டு, தெரிந்தவரை சேர்த்தேன். எட்டு வாரத்தில் 47 கடி. அதில் 31, மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள், அதுவும் பீரோவுக்கு ஒரு கை தூரத்தில். 9, கூண்டுக்குள் தீனிக் கிண்ணம் எடுக்கக் கைவிட்டபோது. 5, இவர் ஒரு சிவப்புத் துண்டு போட்டிருந்தபோது. காரணம் சொல்ல முடியாதவை இரண்டே இரண்டு. அவை அவளுடைய சொந்த உரிமை என்று விட்டுவிட்டேன்.

பீரோவுக்குப் பின்னால் என்ன? இருட்டுச் சந்து. ஆஸ்திரேலியக் காட்டில் இவள் இனம் மரப் பொந்தில்தான் முட்டை வைக்கும். பொந்தைத் தேர்ந்தெடுப்பதும், அலகால் கொறித்துப் பெரிதாக்குவதும், காவல் காப்பதும் பெண்ணின் வேலை. நாள்காட்டி ஓரம், வார இதழ், ரேஷன் கார்டு உறை எல்லாம் பல்லுப் பல்லாகக் கிழிந்ததன் அர்த்தமும் அப்போதுதான் புரிந்தது. அந்தச் சந்து அவளுக்கு வீடு. பேரன் அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான். நாங்கள் கோபம் கோபம் என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஒரு முகவரி இருந்தது.

சந்தைத் தெர்மாகோல் வைத்து அடைத்தோம். அலமாரி மேல், மிக்ஸி பின்னால், இருட்டாக இருந்த எல்லா இடத்தையும் அடைத்தோம். மருத்துவர் சொன்னபடி மாலை ஆறரைக்கே கூண்டுக்குத் துணி போட்டு 12 மணி நேரம் தூங்க வைத்தோம். நீண்ட பகல் வெளிச்சம் கூடு கட்டுகிற ஆசையைத் தூண்டுமாம். டியூப்லைட் வெளிச்சத்தில் பத்து மணி வரை எங்களோடு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவள்தானே. கண்ணாடியைக் கூண்டிலிருந்து எடுத்தோம். விரலுக்குப் பதில் ஒரு முருங்கைக் குச்சியை நீட்டி ஏறப் பழக்கினோம். சிவப்புத் துண்டு பரணுக்குப் போனது. இவர் கொஞ்சம் முணுமுணுத்தார். கடி வாரத்துக்கு ஆறிலிருந்து ஒன்றாக இறங்கியது.

அவளைப் படிக்கவும் கற்றுக்கொண்டோம். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, கழுத்தை நீட்டி, கண்ணின் கருமணி சுருங்கி விரிந்தால் கை அப்படியே நிற்க வேண்டும். ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அலகை 'கறக் கறக்' என்று அரைத்தால் நிம்மதியாகத் தூங்கப்போகிறாள். தலையைக் குனிந்து பின்கழுத்து இறகைச் சிலிர்த்துக் காட்டினால் சொறிந்துவிடச் சொல்கிறாள். அது வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும். நீங்கள் பார்த்த போட்டோ அப்படி ஒரு நாளில் எடுத்தது.

பிப்ரவரியில் ஆண் துணை இல்லாமலேயே ஒரு முட்டை இட்டாள். கோழி இடுவதில்லையா, அது மாதிரி. இரண்டாவது முட்டை வரவில்லை. காலையில் துணியை எடுத்தால் கூண்டின் தரையில் பந்தாக உப்பி உட்கார்ந்திருக்கிறாள். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுகிறது. முட்டை உள்ளே மாட்டிக்கொண்டால் இந்தச் சின்ன உடம்பு ஒருநாள் தாங்குவதே கஷ்டம். கையை நீட்டினேன். கடிக்கவில்லை. தூக்கினேன். கடிக்கவில்லை. உள்ளங்கையில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். எல்லாரும் ஆசைப்பட்ட சாதுவான கடுகு அன்றைக்குத்தான் என் கையில் இருந்தாள். பார்க்கவே எனக்குக் கை நடுங்கியது.

ஆட்டோத் தம்பிதான் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். கால்சியம் மருந்து கொடுத்து, சூட்டில் வைக்கச் சொன்னார்கள். பழைய அட்டைப்பெட்டி, பழைய பல்பு. ஈரத் துணி ஒன்று பக்கத்தில். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ராத்திரி இரண்டரைக்கு முட்டை வந்தது. விடிந்ததும் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றப் போனேன், கட்டை விரலில் ஒரு திருகு. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கடிச்சிட்டாளா? கடிச்சிட்டாளா?" என்று ஓடி வந்து, தன் விரலையும் நீட்டினார்.

அன்றிலிருந்து நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கிக் கூண்டில் கட்டி வைத்திருக்கிறோம். கணவாய் மீனின் ஓடுதான் அது. நல்ல சுண்ணாம்புச் சத்து. தம்பியிடம் கேட்ட தவணை ஒரு மாதம். அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

மருமகளுக்கு அந்தக் கடி அட்டவணையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: "அத்தை, மே மாசம் வாரோம். அவ கூண்டு மாடி ரூம்ல இருக்கணும். சாயங்காலம் கதவு பூட்டணும்." சரி என்றேன். வந்தார்கள். பேரன் நோட்டை வாங்கிக்கொண்டு கூண்டுக்கு நான்கு அடி தள்ளி உட்கார்ந்து, "ஆச்சி, இப்ப கண்ணு சுருங்குது, எழுதிக்கவா?" என்று கேட்டுக் கேட்டு எழுதினான். பத்து நாளில் ஒரு கடி கூட இல்லை. மருமகளுக்கு இன்றும் அவளைப் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

கையில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. தாய் தகப்பன் நன்றாக ஊட்டிக்கொண்டிருக்கும் குஞ்சை, சாதுவாக இருக்கும் என்று நம்பிப் பிரித்து எடுக்காதீர்கள். பால்குடி மாறாத குஞ்சையும் சிரிஞ்சையும் சேர்த்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்காதீர்கள். தாய் ஊட்டுவது போல நம்மால் ஊட்ட முடியாது. போக்கற்ற குஞ்சு என்று ஒன்று கையில் வந்து விழுந்தால் மட்டும் செய்யுங்கள். அப்போது போன் செய்யுங்கள், ராத்திரியானாலும் எடுப்பேன்.

இப்போது அவளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. இறகு உதிர்க்கிற பருவம், கொஞ்சம் சிடுசிடுப்பாக இருக்கிறாள். அடுத்த மாதம் இவருக்கு மதுரையில் கண் புரை ஆபரேஷன். பத்து நாள் அங்கே தங்க வேண்டும். பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கம் இருக்கிற என் பிள்ளைகள் யாராவது கடுகைப் பார்த்துக்கொள்ள முடியுமா? பூனை இல்லாத வீடாக இருக்க வேண்டும். மின்விசிறி ஓடும்போது வெளியே விடக் கூடாது. அவள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் காயவிடக் கூடாது. அந்தப் புகை பறவையைக் கொன்றுவிடும். தினை, கம்பு, கொத்தமல்லித்தழை, கடல்நுரை எல்லாம் கட்டிக் கொடுத்துவிடுவேன். முருங்கைக் குச்சியும் நோட்டும் கூடவே வரும். நேரில் வந்து ஒருமுறை பழகிப் பார்ப்பது நல்லது. மோதிரம், மூக்குக் கண்ணாடி கழற்றிவிட்டு வாருங்கள். சிவப்புச் சேலை வேண்டாம். எந்த நாளும் வரலாம், சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால்.